மனம்போல என்றொரு கூலி

அழுக்கோடு வருவதை அழகோடு அனுப்பும் யோக்யகர்த்தா நகரச் சலவைக்கடைச் சங்கத் தலைவர் ஹர்யோனோ அவர்களே! சோப்பு நுரையில் சோறு காணும் சோதரர்களே! மடித்து மடித்தே மணிக்கட்டு தேய்ந்த தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தம்பி பிமோ அவர்களே! சலவைக்காரி ரெத்னோவின் வணக்கம்.

எந்தச் சட்டை எந்த மாணவனுடையது? எந்தக் காலுறைக்கு எது ஜோடி? ஆறு ஆண்டுகளாக அதை நமக்குச் சொல்லும் மென்பொருளை எழுதியவர் யார்? பிமோ! எழுதியதைப் பூட்டி வைக்காமல் ஊருக்கே திறந்து வைத்தவர் யார்? பிமோ! கூலி என்ன என்று கேட்டபோது நம் ஊர் வழக்கப்படி அவர் சொன்னது என்ன? "செயிக்லாஸ்ன்யா." உங்கள் மனம்போல!

நம் மனம் என்ன செய்தது? ஒருவர் வாழைப்பழப் பஜ்ஜி கொடுத்தார். ஒருவர் பதினொரு முறை நன்றி என்று செய்தி அனுப்பினார். நான் அவருக்காக மனமார வேண்டிக்கொண்டேன். சிரிக்காதீர்கள் தலைவரே, பஜ்ஜி கொடுத்தவர் நீங்கள்தான்.

போன மாதம் தம்பி காய்ச்சலில் படுத்தார். மென்பொருளும் கூடவே படுத்தது. போலீஸ்காரரின் கால்சட்டை கல்லூரி மாணவனுக்குப் போக, அவன் அதை மாட்டிக்கொண்டு நாற்சந்தியில் வண்டிகளை நிறுத்தினான். எழுந்து வந்து எல்லாவற்றையும் சரிசெய்த பிமோ, ஜகார்த்தாவில் வேலை கிடைத்துவிட்டது, இனி இதைப் பார்க்க நேரமிருக்காது என்று நமக்குச் செய்தி அனுப்பினார். பதறிப்போய் அவர் அறைக்கு ஓடினேன். அங்கே என்ன காட்சி? நானூறு சலவைக்கடைகளைத் தாங்கும் தம்பி, வாளியில் தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டிருந்தார்!

"ஏன்பா, நம்ம கடையில போட்டா என்ன?"

"கிலோ ஏழாயிரம் ரூபியா அக்கா. மனம்போலக் குடுத்தா வாங்கிப்பீங்களா? எனக்கும் போக மனசில்ல. வாடகை கட்டணுமே."

என் முகம் வெளுத்தது. எந்தச் சோப்பும் அப்படி வெளுத்ததில்லை.

ஆகவே, கடைக்கு ஒரு கிலோவின் கூலி, மாதந்தோறும், நம் குலுக்கல் சீட்டில் போடுவோம்! தலைவரே, குவளையைக் குலுக்கி ஒரு சீட்டு எடுங்கள். யார் பெயர்? பிமோ! இன்னொன்று? பிமோ! சந்தேகமே வேண்டாம், எல்லாச் சீட்டிலும் அதே பெயர்தான். நானே எழுதினேன். இனி எல்லா மாதமும் அப்படித்தான். சீட்டு விழுந்தவர் வீட்டில்தானே அடுத்த கூட்டம்? அப்புறம் தம்பி ஜகார்த்தாவுக்கு எப்படிப் போவார்?

தூணுக்குப் பின்னாலிருந்து என்ன முனகல்?

"அக்கா, என் ரூம்ல ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு."

நாற்காலி நாங்கள் கொண்டுவருகிறோம் தம்பி. பஜ்ஜிக்குத் தலைவர் இருக்கிறார்.

கேட்ட காதுகளுக்கும், பையைத் திறக்கப்போகும் கைகளுக்கும் நன்றி. கைத்தட்டல் உங்கள் மனம்போல. கூலி மட்டும் கிலோ ஏழாயிரம். வணக்கம்!