மஞ்சள் தண்ணீர் வந்த வழி

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் மண்சரிவு ஆய்வு செய்யும் யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் மடிக்கணினியில் ஒரு மலையின் குறுக்குவெட்டுப் படத்தைத் திறந்து வைத்திருந்தார். அவர் பக்கத்திலிருந்த தேயிலைத் தோட்டத்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னங்க சார், கேக்கு வெட்டுன மாதிரி?"

"நீங்க பஸ் ஏறின இடத்து மலை, உங்கட மலைதான் அம்மா. மேல் அடுக்குத் தண்ணி நடுவில இருக்கிற களிமண்ணைக் கடந்து கீழ் அடுக்குக்கு வர ஒரு வருஷமாவது செல்லும்."

"எங்க மாரியாத்தாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லீங்க. நேத்து காலையில மேல கோயில் கிணத்துல மஞ்சக் கரைச்சு ஊத்துனோம். சாயந்தரமே கீழ நாங்க குடியிருக்கிற லயத்துல, தண்ணி புடிக்கிற பீலியில மஞ்சளா வந்துச்சு. எல்லாரும் கும்பிட்டுக் குடிச்சோம்."

நானும் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். அதிகாரி சிரிக்கவில்லை.

"வீட்டில சத்தம் ஏதும் கேக்குதோ?"

"மூணு நாளா கேக்குதுங்க. பாய்க்கு அடியில யாரோ அரிசி களையிற மாதிரி. ஆத்தா நடமாட்டம்னு வெளக்கு ஏத்தியிருக்கேன்."

"அம்மா, அந்தக் களிமண் பிளந்திட்டுது. உங்கட லயத்துக்குக் கீழ தண்ணி ஓடுது. மலை சரியப் பாக்குது. இப்ப வீட்டில ஆர் இருக்கினம்?"

"மருமக இருக்கா, கைப்பிள்ளையோட."

வெளியே மழை கனத்திருந்தது. அந்த அம்மா போனைக் காதில் வைத்து வெகுநேரம் காத்திருந்தார்.

"மணி அடிக்குதுங்க சார். எடுக்க மாட்டேங்குறா."