மூவருக்கு மட்டும் தெரிந்த ஓட்டு

மேடையில் வீற்றிருக்கும் வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, நீதிபதி அனியேலா பிலார் அவர்களே, மழையென்றும் பாராமல் வந்திருக்கும் நகரத்தாரே, வணக்கம்.

இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் நீதிபதி ஸெவெரின் வில்கோஷ் அவர்களுக்குப் பல வருடமாக வணக்கம்கூடச் சொல்லாதவர்கள். அப்படியும் அவருடைய அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்தீர்களே, நன்றி. எனக்கு உருக்கமாகப் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

மர ஆலை எரிந்தது. பாதி ஊருக்கு வேலை போனது. தீ வைத்தான் என்று காவல்துறை ஒருவனைப் பிடித்து, வழக்கறிஞர் வேண்டும் என்று அவன் கெஞ்சியும் கொடுக்காமல், ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீடு எங்கள் மூவரிடம் வந்தது. வில்கோஷ் தலைமை, அடுத்து நான், இளையவர் பிலார்.

கதவைச் சாத்தியபின் பணியில் இளையவர்தான் முதலில் ஓட்டுச் சொல்ல வேண்டும், தலைவர் கடைசி. பெரியவர் முகம் பார்த்துச் சின்னவர் பேசிவிடக் கூடாது அல்லவா? அதற்கு முதல் நாள், தேநீர் குடிக்கையில், பிலார் வில்கோஷின் மனதை அறியப் பார்த்தார். “என்னைக் கேட்டா நான் ரெண்டு ஓட்டுப் போட்ட மாதிரி ஆயிடும்மா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார் அவர்.

வழக்கறிஞர் இல்லாமல் வாங்கிய வாக்குமூலம் அரசியல் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பானது. அவன் விடுதலையானான். மூவரும் ஒருமனமா, இருவர் ஒருபக்கமா? வெளியே யாருக்கும் தெரியாது. மாறுபட்டவர் விரும்பினால் குறிப்பு எழுதலாம், யாரும் எழுதவில்லை. கழுத்தில் நீதிபதிக்குரிய பதவிச் சங்கிலியோடு நின்று தீர்ப்பை வாசித்தவர் வில்கோஷ். ஊரின் கோபமெல்லாம் வாசித்தவர்மேல் விழுந்தது. ரொட்டிக் கடையில், தீப்பெட்டி வேண்டுமா என்று அவரைக் குத்தலாகக் கேட்டார்கள். ஒன்று கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனார்!

அவர் தம்பி ஃபெலிக்ஸ் அந்த ஆலையில் மேஸ்திரி. அந்த வருடக் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தவர் வாசற்படியிலேயே நின்றார். “அந்தத் தீர்ப்புக்கு நான் ஒத்துக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணே. உள்ளே வரேன்.”

“அறைக்குள்ள பேசினது அறையோட போச்சுடா. உள்ள வா, மீன் ஆறுது.”

ஃபெலிக்ஸ் திரும்பிப் போய்விட்டார். எதிர்பாராத விருந்தாளிக்கென்று அன்று எல்லா வீட்டிலும் ஒரு தட்டு வைப்போம். வில்கோஷ் வீட்டில் அந்தத் தட்டு யாருக்கு என்று அன்றுமுதல் எல்லோருக்கும் தெரியும்.

சற்று முன்பு வாசலில் ஃபெலிக்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணன்தான் போயிட்டாரே. இப்பவாவது சொல்லுங்க, அவர் எந்தப் பக்கம்?”

ஃபெலிக்ஸ், எல்லோர் முன்னாலும் இப்போது பதில் சொல்கிறேன்: சொல்ல மாட்டேன். வில்கோஷ் ஒரு வார்த்தையில் தம்பியைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அவருக்கு ஆசை இல்லாமலா இருந்தது? அதைச் சொல்லியிருந்தால், அடுத்து அந்த அறைக்குள் போகும் நீதிபதி தெருவைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுப் போடுவார். நாளை உங்கள் மகனைப் பிடித்துக்கொண்டு போனால், எந்த நீதிபதி அவனுக்காகத் துணிவார்?

மூவரில் இருவர் மிச்சம். பிலாரும் நானும். எங்கள் வாயிலிருந்தும் அது வராது. அவருக்கு நாங்கள் தரும் உறுதி அவ்வளவுதான்.

வில்கோஷின் மனைவி லூட்ஸினா உங்களிடம் ஒன்று சொல்லச் சொன்னார், ஃபெலிக்ஸ். இந்த வருடமும் தட்டு வைப்பாராம்.