நடுவில் ஒருத்தி

– சும்மா கதை விடாதம்மா கியாகிம்வா. ஒரே அப்பன் பொண்ணுங்கன்னா பேருல ஏதாவது ஒட்டணுமா இல்லையா? பெரியவ மசிகா, சின்னவ கபுகோ. எங்கயாவது ஒட்டுதா?

– சிச்சோனே ஐயா, இவங்க பேச்சு தெரியும்னு இந்த எல்லைச் சிறைக்கு என்னைக் கூப்பிட்டு உக்கார வச்ச அதிகாரி நீங்க. சொல்றதைக் கேளுங்க. காங்கோவுல இவங்க பக்கமும் சரி, உகாண்டாவுல எங்க மலைப்பக்கமும் சரி, பொண்ணு பிறந்தா பேரைத் தேடி அலைய மாட்டோம். பிறந்த வரிசைதான் பேரு. எங்கம்மாவுக்கு நான் ஆறாவது பொண்ணு, அதனால கியாகிம்வா.

– உங்கம்மா யோசிக்கவே வேண்டியதில்ல.

– யோசிக்க நேரம் ஏது? அதுக்குள்ள ஏழாவது வந்துட்டா.

– சரி, சிரிச்சது போதும். சட்டம்னா சட்டம். அக்கா தங்கச்சின்னு தெளிவாகலைன்னா, சின்னவ நாளைக்குத் தலைநகரத்துக்கு, லுசாக்கா அனாதை விடுதிக்கு வண்டி ஏறிடுவா. பெரியவ, பிள்ளை கடத்திட்டு வந்தவன்னு இங்கயே கம்பிக்குள்ள. கேளு, சுருக்கமா கேளு.

– மசிகா, நிமிந்து பாரும்மா. இந்த ஐயா கடிக்க மாட்டார். கபுகோ உன் மடியிலயே தூங்கட்டும். உனக்கு என்ன வயசு?

– பதினஞ்சு. நீங்க எங்க பேச்சுப் பேசுறீங்க. ஆனா அவங்க ஆளு.

– நான் யார் ஆளுன்னு போகப் போகத் தெரியும். எப்படி வந்தீங்க?

– வீட்டைக் கொளுத்திட்டாங்க. அம்மாவும் அப்பாவும் வெளிய வரல. நாங்க லாரியில சோள மூட்டைக்கு நடுவுல ஒளிஞ்சு வந்தோம். இங்க எல்லையில இறக்கினாங்க. அடைக்கலம் குடுங்கன்னு கேட்டோம், பூட்டிட்டாங்க. அவ்வளவுதான்.

– என்ன சொல்றா?

– வீடு எரிஞ்சு போய் ஓடி வந்த பிள்ளைங்க ஐயா. பூட்டுறதுக்கு இதுங்க என்ன திருடிச்சுங்க?

– அதை மேல இருக்கிறவங்ககிட்ட கேளு. அக்கா தங்கச்சியா, அதைச் சொல்லு.

– அதான் பேரே சொல்லுதே. மசிகான்னா முதல் பொண்ணு. கபுகோன்னா மூணாவது பொண்ணு.

– இரு, இரு. ஒண்ணு, மூணு. அப்ப ரெண்டு எங்க?

– ஐயா கெட்டிக்காரர்தான். மசிகா, கேட்டியா? உனக்கும் இவளுக்கும் நடுவுல ஒரு கஹிண்டோ இருக்கணுமே.

– இல்ல.

– இல்லைன்னா இவ கபுகோ ஆக முடியாதே கண்ணு.

– செத்துட்டா.

– எங்க?

– வழியில. செத்துட்டான்னு அவர்கிட்ட சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க.

– எப்படி இருப்பா?

– செத்தவ எப்படி இருந்தா உங்களுக்கு என்ன? முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும். வாய் ஓயாது. தூக்கத்துலகூடப் பேசுவா. லாரி நின்னதும் நான்தான்...

– நீதான்?

– ஒண்ணுமில்ல. செத்துட்டா.

– என்ன, அழறாளா?

– ரெண்டாவது பொண்ணு செத்துப்போச்சாம் ஐயா.

– அடப் பாவமே. எனக்கும் மூணு பொண்ணுங்க. நடுவுல உள்ளதுதான் வீட்டையே ரெண்டாக்கும். ஏம்மா, இவ கூடப் பிறந்தவதான், இனி யாரும் சொல்ல வேண்டாம். குடுக்குற ந்ஷிமா களி அத்தனையும் சின்னவளுக்கு ஊட்டிட்டு இவ பட்டினி கிடக்குறதை நானே பார்க்குறேனே.

– ஐயா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். அந்த ரெண்டாவது உயிரோட வெளிய எங்கயாவது இருந்தா, அவளையும் இழுத்துட்டு வந்து பூட்டுவீங்களா?

– நான் என்ன ராட்சசனா? பிள்ளைங்களை ஏன்யா பூட்டுறேன்னு மாஜிஸ்திரேட் அம்மா தினம் என்னைத்தான் வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க. ஒரு குடும்பம் பொறுப்பு எடுத்துக்கிட்டா இதுங்களை இன்னிக்கே அனுப்பிடலாம். யார் வர்றா? சட்டம்னா சட்டம், ஒரு வீடு வேணும்.

– எத்தனை பிள்ளைங்கன்னாலும் விட்டுடுவீங்களா?

– எத்தனைன்னாலும். வாய்விட்டுச் சொல்லிட்டேன், மாற மாட்டேன்.

– அப்ப இதே ஊர்ல இருக்கிற என் வீட்டை எழுதிக்குங்க. மூணு பொண்ணுங்க.

– மூணா? செத்தவளையும் சேத்தா எழுதச் சொல்றே?

– கொஞ்சம் பொறுங்க ஐயா. மசிகா, என்னைப் பாரு. லாரி நின்னதும் "ஓடு, திரும்பிப் பார்க்காத"ன்னு அவளைச் சோளக்காட்டுக்குள்ள தள்ளிவிட்டது நீதானே?

– உங்களுக்கு... உங்களுக்கு யார் சொன்னா?

– ஊருக்கு ஊரு ஆயிரம் கஹிண்டோ இருக்கு. நீ அவளோட மசிகாதானான்னு தெரியாம, இவர் வாக்குக் குடுக்காம, வாயைத் திறக்கக் கூடாதுன்னு இருந்தேன். கபுகோவை எழுப்பு. சோளக்காட்டுலேருந்து என் வாசலுக்கு வந்து சேந்த உன் செத்துப்போன தங்கச்சி இன்னிக்குக் காலையில என் வீட்ல ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்சுட்டு, இது அக்காவுக்கு, இது குட்டிக்குன்னு, சுட்ட மரவள்ளிக்கிழங்கை இந்தத் துணியில முடிஞ்சு குடுத்தனுப்பியிருக்கா.