கம்புக் குலுக்கை

நான் சுத்தம் பார்க்கிற ஆள் சார். உங்கள் ஸ்டேஷன் மேஜையைப் பார்த்தால்கூடத் துடைக்கவேண்டும்போல் இருக்கிறது.

என் சிறுநீரகம் ஒன்றை எடுத்து என் வீட்டுக்காரர் மாயகிருஷ்ணனுக்கு மதுரையில் வைத்தது இரண்டாயிரத்து மூன்று சித்திரையில். அதை நான் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத்தான் உட்காரவைத்துப் பேசினார். வைத்ததை உடம்பு தள்ளிவிடாமலிருக்க மாத்திரை உண்டு. அதனால் எதிர்ப்புச் சக்தி குறையும். நம்மை ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட அவர் நுரையீரலில் முளைத்துவிடும். பூசணம் பிடித்த தானியம், வைக்கோல் தூசி, தொழுவம் எதுவும் ஆகாது. ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறும், ஏறவிடக் கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே புறப்பட்டு வரவேண்டும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

பதினெட்டு வருஷமாக அவர் என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பேர் சொன்னார். "சுப்புத்தாயி, இந்த மாத்திரைய இப்போ முழுங்கவா?" "சுப்புத்தாயி, வாசல்ல நிக்கட்டுமா?" அந்த ஆறு மாதம் கோவில்பட்டிப் பக்கத்தில் என்னைப்போல் சந்தோஷமாக ஒருத்தி இருந்திருக்க மாட்டாள்.

ஐப்பசியில் டாக்டர், உடம்பு தேறிவிட்டது என்றார். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவர் முகத்துணியைக் கழற்றினார்.

"ஏட்டி, பையைத் தூக்கிட்டுப் போ. நான் கடைப்பக்கம் போயிட்டு வாரேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சின்னக் காய்ச்சல் வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஆள் உயரத்துக்கு மண் குலுக்கை உண்டு. மாசியில் கம்பு நிரப்பி மூடியது. மழைக்கு ஓடு ஒழுகி உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. மூடியின் இடுக்கில் மூக்கை வைத்தால் பூசண நெடி. மூடிய குலுக்கையை வீட்டு ஆம்பிளைதான் திறந்து, முதல் மரக்கால் அள்ளவேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

"தூசி ஆகாதுன்னாரே டாக்டரு."

"அது தேறாதவியளுக்கு. பயமா இருந்தாச் சொல்லுங்க, பக்கத்து வீட்டுச் சீனி அண்ணாச்சியக் கூப்பிடுதேன். அவிய வந்து அள்ளட்டும்."

"ஏம் வீட்டுக் குலுக்கைய அவன் அள்ளவா? தள்ளுட்டி."

குலுக்கைக்குள் குனிந்து அள்ளிவிட்டுத் தலையை வெளியே எடுத்தபோது இமையெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. மரக்காலை என்னிடம் நீட்டிச் சிரித்தார். அடியில் கம்பு நன்றாக இருக்கும் என்று சொல்லி, மறுநாளும் அதற்கு மறுநாளும் அள்ளவைத்தேன். தேறிய உடம்புக்கென்று தினமும் கடம்பூர் போளி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தது.

"மதுரைக்குப் போவமா, சுப்புத்தாயி?"

பனிக்காய்ச்சல் என்று சொல்லிக் கசாயம் கொடுத்தேன். பன்னிரண்டு நாள். இருமலில் ரத்தம் வந்தபிறகுதான் காரில் ஏற்றினேன். தூசி ஏதும் பட்டதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். கார்த்திகை முடியவில்லை, அவர் முடிந்துவிட்டார்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். பிரியம் இல்லாமலா சார் அப்படிக் கூப்பிடுவார்?