அலைவரிசைத் துப்புரவு

உங்கள் அறையில் எரிகிற அந்த எல்இடி பல்பை மாற்றிவிடுங்கள், ஐயா. மேசைமேல் இருக்கும் வயர்லெஸ் செட்டில் விடாமல் ஒரு முனகல் கேட்கிறதே, அதற்குக் காரணம் செட் இல்லை, பல்புதான். மலிவான பல்புகள் இப்படித்தான் இரையும். அணைத்துப் பாருங்கள், செட் அமைதியாகிவிடும். உங்களிடம் சலுகை எதிர்பார்த்து இதைச் சொல்லவில்லை. இரைச்சல் இருக்கும் இடத்தில் என்னால் ஒழுங்காகப் பேச முடியாது, அவ்வளவுதான்.

நன்றி. இப்போது சொல்கிறேன்.

என் பெயர் கிருபாகரன். வேலை சிறுசேரியில், ஒரு மென்பொருள் அலுவலகத்தில். வீடு செங்கல்பட்டில். தனியாள். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் ஹாம் ரேடியோதான். அரசுத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, எங்களைப் போன்றவர்கள் வாக்கி டாக்கியில் பேசிக்கொள்வோம். கையில் பிடித்திருக்கும் செட்டின் குரல் ஊர் எல்லையைத் தாண்டாது. அதற்காகத்தான் ரிப்பீட்டர். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு குன்றின்மேல் எங்கள் குழுவினுடையது இருக்கிறது. ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே கணத்தில் இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. மதுராந்தகம் ஏரிக்கரையில் இருந்து ஒருவர் பேசினால் மாமல்லபுரம் கடற்கரையில் இருப்பவருக்குப் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்கும். பெட்டியை வாங்கியது குழு. பராமரிப்பவன் நான். இடி விழுந்தாலும் எலி கம்பியைக் கடித்தாலும் குன்றேறுகிறவன் நான் ஒருவன்தான்.

பேசுவதுதான் இதில் இன்பம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. கோடைக்கால விடிகாலைகளில் கடல்மேல் காற்று அசையாமல் படுத்திருக்கும். அப்போது விசாகப்பட்டினத்து ஆள் ஒருவரின் குரல் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வந்து என் செட்டில் இறங்கும். அவர் பொத்தானை விட்ட பிறகும் ரிப்பீட்டர் சில வினாடிகள் தன் அலையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் குரல் இல்லை, இரைச்சலும் இல்லை. அதை நாங்கள் வால் என்போம். நான் அந்த வாலுக்காகத்தான் கேட்பேன். அதைவிடச் சுத்தமான எதையும் நான் இந்த உலகத்தில் கண்டதில்லை.

ஏசுபாதம் அதன்மேல் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவார்.

அவரைப் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரியும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டி வீடு. மனைவி இல்லை. மகள் ரெபேக்காள் கல்யாணமாகிச் சிறுசேரிப் பக்கம் இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் தேர்வு எழுதி உரிமம் வாங்கினார். குழுவில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். காலையில் நாங்கள் எல்லோரும் வரிசையாக வருகை சொல்லும் ஒரு கூட்டம் உண்டு, நெட் என்போம். அதை நடத்துகிறவன் பெயர் சொல்லி அழைத்தால்தான் ஒருவர் பேச வேண்டும். நடத்துகிறவன் நான். அவர் அழைக்கும்வரை காத்திருக்கமாட்டார்.

"கிருபா, கீறியா? நாஸ்தா ஆச்சா? ஓவர்."

"நெட் நடக்கிறது. உங்கள் முறை வரும்போது பேசுங்கள். ஓவர்."

"இன்னா நைனா, கண்டக்டரு மாதிரி அதட்டுற? நானே பஸ்ஸு ஓட்டுனவன். எனக்கே டிக்கெட் கிழிக்கிறியா? ஓவர்."

உடனே மதுராந்தகத்திலிருந்து லத்தீஃபா வருவார். அங்கே துணிக்கடை வைத்திருக்கிறார். "கிருபாண்ணன் விசில் அடிச்சாத்தான் நீங்க வண்டிய எடுக்கணும் அண்ணே. அதுவரிக்கும் கம்முனு குந்தினு இருங்க. ஓவர்."

சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் அடியில் எனக்கு வேறொன்று கேட்கும். ரிப்பீட்டரின் ஒலியை மாதக்கணக்கில் உட்கார்ந்து துல்லியமாக்கியவன் நான். துல்லியமான கருவி எதையும் மறைக்காது. அவர் நாக்கு பல்லிடுக்கிலிருந்து பாக்குத் துணுக்கை நோண்டி எடுப்பது கேட்கும். எச்சில் சேர்ந்து, கன்னத்தில் ஒதுங்கி, சொல்லோடு சொல்லாகக் கொழகொழப்பது கேட்கும். வாக்கியத்தின் நடுவில் பொத்தானை விடாமலே தள்ளித் துப்புவார். தொண்டையை இழுத்துக் காறுவார். இதெல்லாம் குன்றின்மேல் ஏறி, நான் துடைத்து வைத்திருக்கும் பெட்டி வழியாக, மாவட்டம் முழுக்கப் பரவும். நான் காதில் மாட்டிய கருவியைக் கழற்றித் துடைத்திருக்கிறேன், ஐயா. ஈரமாக இருப்பதுபோலவே இருக்கும்.

ரிப்பீட்டரில் ஒரு கடிகாரம் உண்டு. யாராவது பொத்தானை விடாமல் பிடித்திருந்தால், பெட்டி சூடாகிவிடாதபடி மூன்று நிமிடத்தில் தானே வாயை மூடிக்கொள்ளும். அவர் பொத்தானை விட்டால்தான் மறுபடி திறக்கும். நான் அதை முப்பது வினாடியாகக் குறைத்தேன். கோடை வருகிறது, சூடு தாங்காது என்று குழுவிடம் சொன்னேன். சூடு தாங்காது என்பது பொய் இல்லை.

பிறகு ஒரு நாள் அவர் தன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். "பட்டன் ஒட்டிக்கினு வரமாட்டேங்குது கிருபா. அமுத்துனா அமுங்கினே கீது. கொஞ்சம் பாரு."

திறந்தேன். உள்ளே சிவப்பாக ஒரு பசை. பாக்குத் துகள், காய்ந்த சுண்ணாம்பு, அதில் சிக்கி இறந்த எறும்புகள். ஒரு மனிதனின் வாயை உள்பக்கமாகத் திருப்பி வைத்ததுபோல் இருந்தது. வாடை வேறு. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அரைமணி நேரம் துடைத்தால் போகிற கோளாறுதான். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். அன்று பஞ்சை எடுத்தேன், கை முன்னால் போகவில்லை. திருகாணிகளை மறுபடி பூட்டி, சரியாகிவிட்டது என்று கொடுத்தேன். அவர் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்து, "நீ இல்லேன்னா எனக்கு யாருடா கீறாங்க" என்றார். அவர் தெருமுனை திரும்பியதும் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பினாயில் ஊற்றிக் கை கழுவினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெட் ஆரம்பித்ததுமே இது நடந்தது. ஒரு செட் திறந்தது. யார் என்று தெரிவிக்கும் அழைப்புக் குறியைச் சொல்லவில்லை. நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம், எதுவோ உருளுகிற சத்தம், அப்புறம் மூச்சு. ஈரமான, இழுத்து இழுத்து வருகிற மூச்சு. முப்பது வினாடி முடிந்ததும் ரிப்பீட்டர் வாயை மூடிக்கொண்டது. மற்றவர்களுக்கு அதோடு எதுவும் கேட்டிருக்காது.

இந்த மாதிரி நேரத்தில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய மைக்கோ வண்டி சீட்டுக்கு அடியில் மாட்டிப் பொத்தான் அமுங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை நடப்பதுதான். யாரும் பேசாமல் அலைவரிசையைவிட்டு ஒதுங்குவார்கள். பராமரிப்பவன் திசை காட்டும் ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு தேடிப் போய், அணைத்துவிட்டு வருவான். அவன் சரியாகிவிட்டது என்று சொல்லும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். மரியாதையான வழக்கம்.

லத்தீஃபா மட்டும் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, அது மைக்கு மாட்டுன மாதிரி இல்லண்ணே. யாரோ மூச்சு முட்டினு கீறாங்க. ஏசுபாதம் அண்ணன் மாதிரியே கீது. போன் போட்டேன், எடுக்கல."

"அவர் நேற்றே மகள் வீட்டுக்குப் போய்விட்டார்" என்றேன்.

"அல்லா, அப்ப சரி. நான் வேற பயந்துட்டேன். நீங்க எதுக்கும் ஒரு எட்டு பாருங்கண்ணே."

"பார்க்கத்தான் கிளம்புகிறேன்."

எனக்கு அப்படி ஒரு நினைவு இருந்தது என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். இல்லை. அவர் எங்கும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஏனென்றால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ரிப்பீட்டர் மூடிக்கொண்டாலும், அது எந்த அலைவரிசையில் கேட்கிறதோ அதில் நேராகக் காதை வைத்தால் ஆளின் குரல் வரும். செங்கல்பட்டிலிருந்து அப்படிக் கேட்க உயரமான ஆன்டெனா வேண்டும். அது என் மொட்டைமாடியில் இருந்தது. மூச்சுக்கு நடுவே சொற்கள் வந்தன. "பிரேக்கு... பிரேக்கு..." ஆபத்தில் இருப்பவர் அப்படிச் சொன்னால் எல்லோரும் அவருக்கு வழிவிட வேண்டும் என்பது எங்களுக்கு முதல் பாடம். "யாராவது கீறீங்களா... கையி வரமாட்டேங்குது... கிருபா... நைனா..."

அவர் பொத்தானை விட்டிருந்தால் ரிப்பீட்டர் திறந்திருக்கும். லத்தீஃபா கேட்டிருப்பார், பதிலும் வந்திருக்கும். பேசினால் விட வேண்டும், விட்டால்தான் கேட்கும். இதை அவருக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். பொத்தான் ஒட்டிக்கொண்டது என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள்.

கைச் செட்டையும் அளவெடுக்கும் இரும்பு டேப்பை வெட்டி நானே செய்த ஆன்டெனாவையும் எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். ஒவ்வொரு பிரிவிலும் வண்டியை நிறுத்தி ஆன்டெனாவைச் சுற்றிக் காட்டி, சத்தம் எந்தப் பக்கம் பலமாக வருகிறது என்று பார்த்தேன். அவர் வீட்டுக் கூரையில் ஆன்டெனா நட்டுக் கொடுத்ததே நான்தான், வழி தெரியாமல் இல்லை. ஆனாலும் தேடிப் போவதற்கு முறை என்று ஒன்று இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் கோயிலுக்கு வந்தவர்கள் கூட்டம். ஒரு கடையில் டீ குடித்தேன். காதில் அவர் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். டீயைப் பாதியில் கொட்டிவிட்டேன். குடிக்க முடியவில்லை.

தோப்பைத் தாண்டியபோது அந்தத் தெருவில் ஆள் இல்லை. அக்கம்பக்கத்தார் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவரோரம் ஒருபக்கமாக விழுந்து கிடந்தார். மைக் மார்புக்கடியில். எச்சில் துப்பும் படிக்கம் கவிழ்ந்து, தரையெல்லாம் சிவப்பாக ஓடி, அவர் கன்னமும் அதில் கிடந்தது. வேட்டி நனைந்திருந்தது. வாய் ஒருபக்கம் கோணி, அதிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் காதால் மட்டும் தெரிந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டேன். கொல்லைக்குப் போய் நின்றேன்.

கொல்லை வராந்தாவில் அவருடைய பேட்டரி இருந்தது. செட் ஓடுவது அதில்தான். அமில வாடை வீட்டுக்குள் வேண்டாம் என்று வெளியே வைத்துக் கொடுத்ததும் நான்தான். சிவப்புக் கம்பியைக் கழற்றினேன். காதில் சத்தம் பட்டென்று நின்றது. அலைவரிசை முழுக்கக் காலியானது. வெகு நேரம் அப்படியே நின்றேன்.

கழற்றிய கம்பி எதிலாவது உரசினால் தீப்பிடிக்கும். அதனால் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். பிறகு செட்டை எடுத்துச் சொன்னேன்: "கோளாறு சரிசெய்யப்பட்டது. எல்லோரும் தொடரலாம். ஓவர்." ஒவ்வொருவராக நன்றி சொன்னார்கள்.

"யாருண்ணே அது? ஓவர்" என்று லத்தீஃபா கேட்டார்.

"படகுக்காரர் ஒருத்தர். செட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஓவர்."

"பாவம். நல்லவேள நீங்க போனீங்க. ஓவர்."

மறுநாள் ரெபேக்காள் வந்து கதவை உடைத்துப் பார்த்திருக்கிறார். மாலைவரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். அடக்கத்துக்கு நானும் போனேன், மாலையும் வாங்கிப் போனேன். அன்று லத்தீஃபா கொல்லைக்குக் கை கழுவப் போனவர் வெகு நேரம் திரும்பி வரவில்லை. பேட்டரிக்கு முன்னால் குந்தி அந்த டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். டேப்பைச் சுற்றி முடித்து, பிரிப்பதற்கு வசதியாக ஓரத்தை ஒரு மடிப்பு மடித்துவிடுவது என் பழக்கம். குழுவில் எல்லோருடைய வீட்டிலும் அப்படி ஒரு மடிப்பு இருக்கும். கூட்டத்தில் என்னைத் தேடி வந்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அண்ணே, நீங்க எப்ப இங்க வந்தீங்க?"

அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தார். அந்தச் சத்தமும் எனக்குக் கேட்டது.

ஏன் செய்தாய் என்று அதிகாரிகள் நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். எனக்கு அவர்மேல் பகை இல்லை. நல்ல மனிதர். நான் நிறுத்தியது ஒரு சத்தத்தை. அதற்குள் ஆள் இருந்தார் என்பது வேறு விஷயம். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் என்னைப் பார்த்தாரா என்றும் கேட்டீர்கள். பார்த்தார். கம்பியைக் கழற்றிய பிறகு முன்பக்கம் வந்து இன்னொருமுறை ஜன்னலில் நின்றேன். என்னை அடையாளம் தெரிந்தது. வாயின் கோணாத பக்கம் லேசாகச் சிரித்தது. நான் வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, ஐயா. காதில் மாட்டியிருந்த கருவியில் எதுவும் வரவில்லை, ஆகவே அவர் பேசவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கையை நீட்டினால் அவர் தலையைத் தொட்டிருக்கலாம்.