கட்டுரைக் கடைசியில் என் கணவர் பெயர்

விஜயகுமாரி, வயது 38, கணவர் பெயர் சண்முகசுந்தரம் (காலமாகிவிட்டார்), பதினாறாம் வட்டம், நெய்வேலி டவுன்ஷிப். 10.6.1981 அன்று விசாரித்தபோது கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வந்தேன். எங்களுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். குழந்தைகள் இல்லை. என் கணவர் நிலக்கரி நிறுவன ஆய்வுக்கூடத்தில் கரிம வேதியியல் ஆராய்ச்சியாளராக வேலை பார்த்தார். பழுப்பு நிலக்கரியிலிருந்து மெழுகு எடுத்து, அந்த மெழுகிலிருந்து ஒரு வெள்ளைப் படிகத்தைப் பிரித்து, அதைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை போட்டிருந்தார். கட்டுரை வந்தால் மட்டும் போதாது, அதை வேறு யாராவது தங்கள் கட்டுரையில் எடுத்துச் சொன்னால்தான் அதற்கு மதிப்பு என்று சொல்வார். பல வருடங்களாக யாரும் எடுத்துச் சொல்லவில்லை. புதுப் பத்திரிகை வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார். அங்கேதான் மேற்கோள் காட்டப்பட்டவர்களின் பெயர்கள் இருக்குமாம்.

சென்ற பிப்ரவரியில், அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வம் மெட்ராஸில் ஒரு நூலகத்தில் ஜெர்மன்காரர்கள் எழுதிய கட்டுரையின் கடைசியில் என் கணவர் பெயரைப் பார்த்துவிட்டு வந்து வட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார். அதன் பிறகு டவுன்ஷிப் மன்றத்தில் கூட்டம் போட்டு என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு, "ஏங்க, இத்தனை பேர் பாராட்டுறாங்க, முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அதற்கு அவர், "அவங்க என்னைப் பாராட்டல விஜயா. இவர் சொன்னபடி செஞ்சு பார்த்தோம், அப்படி எதுவும் கிடைக்கலன்னு எழுதியிருக்காங்க. அதுக்குத்தான் என் பேரு" என்றார். மேடையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "எல்லாரும் கை தட்டிக்கிட்டு இருக்கும்போது எப்படிச் சொல்றது?" என்றார்.

அதன் பிறகு பன்னீர்செல்வம் கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டு வந்து என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் விஷயம் பரவிவிட்டது. பொய்க் கட்டுரை போட்டவர் என்று என் காதுபடவே பேசினார்கள். ஜெர்மன்காரர்கள் நிலக்கரி வேறு, நம் நிலக்கரி வேறு, மறுபடி செய்து காட்டுகிறேன் என்று என் கணவர் என்னிடம் மட்டும் சொன்னார். லீவு நாட்களிலும் ஆய்வுக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தார்.

7.6.1981 ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு கேரியரோடு கிளம்பினார். பண்ருட்டியிலிருந்து வாங்கி வந்த பலாப்பழம் கூடத்தில் இருந்தது. "நீ கத்தியை எடுக்காதே, கையெல்லாம் பால் பிசுக்காயிடும், சாயங்காலம் நான் வந்து அறுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாகப் போகிற மனுஷன் இப்படிச் சொல்லுவானா? பழம் இன்னும் அங்கேயே கிடக்கிறது. வீடு முழுக்க அந்த வாசனைதான். எனக்கு அதைத் தொட மனசு வரவில்லை.

அன்று மாலை தீ விபத்து என்று சொல்லி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆய்வுக்கூட வாட்ச்மேன் தெய்வசிகாமணி அங்கே நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் என்னிடம் சொன்னதாவது: "சத்தம் கேட்டு ஓடுனேம்மா. சார் வெளிய வந்துட்டாருங்க. சட்டை எரிஞ்சிகினு இருந்துச்சு, நான்தான் மண்ண வாரிப் போட்டு அணைச்சேன். 'வந்துடுச்சுய்யா, உள்ளாற இருக்கு'ன்னு சொல்லிக்கினே திரும்ப உள்ள ஓடிட்டாருங்க. என்னால புடிக்க முடியலம்மா. அப்புறம் தீயணைக்கிறவங்கதான் உள்ள போயி தூக்கினு வந்தாங்க."

பிறகு என்னை உள்ளே விட்டார்கள். அவருக்கு நினைவு இருந்தது. "சொன்னபடியே வந்துச்சு விஜயா. வெள்ளையா, ஊசி ஊசியா. என் கண்ணால பார்த்தேன்" என்றார். "அதுக்காகவா திரும்ப உள்ள போனீங்க? என்னை நினைக்கலையா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "யாருகிட்டயாவது சொல்லிடு" என்றார். மறுநாள் விடியும்போது இறந்துவிட்டார்.

அவமானம் தாங்காமல் தானே தீ வைத்துக்கொண்டார் என்று டவுன்ஷிப்பில் பேசுவது அப்பட்டமான பொய். மனவருத்தம் இருந்ததா என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். இருந்தது. நிறைய இருந்தது. சாவதற்கு அவர் போகவில்லை. வந்ததை எடுத்து வரத்தான் போனார்.

அந்தப் படிகம் கிடைக்கவில்லை. கண்ணாடிச் சில்லும் கரியும்தான் மிச்சம். கையில் பொருள் இல்லாமல் எந்தப் பத்திரிகையும் போடாது என்று பன்னீர்செல்வம் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன்காரர் யாரும் இல்லை. ஆகவே இதில் எழுதுங்கள் என்று கேட்டேன். இது விசாரணைக்குத் தேவையில்லையே அம்மா என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். எனக்குத் தேவை, எழுதுங்கள் ஐயா என்றேன். 7.6.1981 அன்று நெய்வேலி நிலக்கரி மெழுகிலிருந்து வெள்ளைப் படிகம் வந்தது. என் கணவர் சண்முகசுந்தரம் அதைப் பார்த்தார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அத்தனையும் உண்மை. கடைசியில் எழுதிய இரண்டு வரிகளை மறுபடியும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) ச. விஜயகுமாரி