காத்தடிச்சுக் காய்ந்த கார்

ராசிபுரத்தில் நாமக்கல் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"எங்கூட்டுக்காரரு காரைக் கழுவிக் காத்தடிச்சுக் காய வெக்கறாருங்க்கா. கைக்கு அடக்கமா ஒரு மிசினு வாங்கியிருக்காரு."

"துணியில தொடைச்சா ஆகாதா?"

"கோடு உழுகுமாமா. இத்தனை வருசத்துல ஒருநாளும் கழுவுனவரில்லீங்க. இப்பக் கதவுச் சந்தெல்லாம் ஊதறாரு."

"ஆரையாச்சும் ஏத்திட்டுப் போறாரா?"

"நானும் அப்படித்தான் நெனச்சனுங்க. ஆனா காரு ஊட்டை விட்டே நகரலீங்க."

மூத்தவள் சற்று யோசித்தாள்.

"காஞ்சதுக்கப்பறம் போட்டோ எடுத்தாரா?"

"ஆமாங்க்கா. நாலு பக்கமும், சீட்டெல்லாங்கூட."

"காரு ஆரு வாங்குனது?"

"எங்கப்பா. எங்கூட்டுக்காரரு பேருலதான் வாங்கிக் குடுத்தாரு."

"அப்ப விக்கறதுக்குத்தான், சாமி. உங்கிட்டச் சொன்னாரா?"

இளையவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ராசிபுரம் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்தாள்.